கொடைக்குப் போனவர்களை வேலைக்கு வராதவர்கள் என்று எழுதினேன்

1

நேற்று எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஒரகடம் விடுதிகளைப் பற்றி நாங்கள் எழுதிய ஆய்வறிக்கை வெளியாகி ஒரு வருடம் ஆகிறதாம். இந்த நெதர்லாந்துக்காரர்கள் எதற்கும் கேக் வெட்டுவார்கள். நாய்க்குப் பிறந்தநாள் என்றாலும் வெட்டுவார்கள், ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் வெட்டுவார்கள். என் தலைவர் ஹெங்க் கத்தியை என் கையில் கொடுத்து, இவர் இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை, அந்த மண்ணை அறிந்தவர் நம்மில் இவர் ஒருவர்தான் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கேக்கை வெட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நான் வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் நிலத்தில் பாதி இன்று லாரி நிறுத்துமிடம். கல்யாணமாகி நெதர்லாந்துக்கு வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வுக் குழுவில் வேலை. ஊரில் இருக்கும் உறவுக்காரர்கள் நான் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்தேன் என்று எழுதுகிறேன். படித்துவிட்டு நினையுங்கள்.

2

ஒரகடத்தில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். லைனில் நிற்பவர்கள் எல்லாரும் பெண்கள். பத்தொன்பது, இருபது வயது. அவர்களைத் தங்க வைக்கக் கம்பெனி இரண்டு விடுதிகளை எடுத்திருந்தது. இரண்டிலும் ஒரே சட்டம். ஷிப்ட் பஸ்ஸில் ஏறுவதற்குத் தவிர வெளியே போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எங்காவது போக வேண்டுமானால் அப்பாவோ அம்மாவோ, கம்பெனியில் பதிந்திருக்கும் எண்ணிலிருந்து வார்டனுக்குப் போன் செய்து சம்மதம் சொல்ல வேண்டும்.

கம்பெனியிடம் சரக்கு வாங்கும் ஐரோப்பியர்கள் இதைக் கேள்விப்பட்டு முகம் சுளித்திருக்கிறார்கள். உடனே கம்பெனி, ஒரு விடுதியில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறந்து விடுகிறோம், வேலை கெடுகிறதா இல்லையா என்று நீங்கள் அளந்து சொல்லுங்கள் என்று எங்கள் குழுவிடம் வந்தது.

இதை நான் வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். என் மகள் நிலாவுக்குப் பதினாறு வயது. தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “திறந்து விட வேண்டியதுதானே அம்மா, அதுக்கு எதுக்கு ஆய்வு?” என்றாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ். அதுவும் இப்போது நான் கேட்டால்தான் வருகிறது.

உனக்கு ஒன்றும் தெரியாது என்று எரிந்து விழுந்தேன். பிறகு விளக்கினேன். ஒரு மருந்தைச் சோதிக்க வேண்டுமென்றால் சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்று முடிவு செய்வார்கள். அது முழுச் சோதனை. விடுதியில் அப்படிச் செய்ய முடியாது. ஒரே அறையில் படுக்கும் இரண்டு பெண்களில் ஒருத்திக்குக் கேட்டைத் திறந்து இன்னொருத்திக்குப் பூட்ட முடியுமா? அதனால் இருக்கிற விடுதிகளை இருக்கிறபடியே எடுத்துக்கொள்கிறோம். இதை நான் அரைச்சோதனை என்று சொல்வேன். திறக்கும் விடுதியில், திறப்பதற்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பூட்டியே இருக்கும் விடுதியிலும் அதே மாதங்களில் பார்க்க வேண்டும். இதில் எவ்வளவு மாறியது, அதில் எவ்வளவு மாறியது என்று கழித்தால் மிஞ்சுவது கேட்டைத் திறந்ததால் வந்தது.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது. கேட்டைத் திறக்காமலே விட்டிருந்தால் இரண்டு விடுதிகளும் ஒரே மாதிரி நடந்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கை. அது பொய்யானால் கழித்ததெல்லாம் குப்பை. இதை நான் மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்.

நிலா, “சரி” என்று சொல்லிவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

3

ஆய்வு தொடங்குமுன் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் அனுப்பிய கேள்விகளைப் பார்த்தால் தலை சுற்றும். பெண்களின் போன் எண்களை எந்த அலமாரியில் வைப்பீர்கள்? அலமாரிக்குப் பூட்டு உண்டா? சாவி யாரிடம்? அலமாரிப் பூட்டைப் பற்றி அத்தனை கேட்டவர்கள் விடுதிப் பூட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு கேள்வி மட்டும் சரியான கேள்வி. இரண்டு விடுதிகளிலும் இருக்கும் பெண்கள் ஒத்தவர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

நான் எழுதினேன்: எல்லாரும் தமிழ்ப் பெண்கள், ஒரே வயது, ஒரே சம்பளம், ஒரே வேலை. ஆய்வாளர் அதே பகுதியைச் சேர்ந்தவர், இதை உறுதிப்படுத்துகிறார்.

மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்குக் கல்யாணம் ஆனதையே நம்ப மாட்டேன் என்றார்கள். சான்றிதழ், அதற்கு ஒரு முத்திரை, அந்த முத்திரை உண்மை என்று இன்னொரு முத்திரை. என் படிப்பை நம்பவில்லை. வங்கியில் என் கையெழுத்தை நம்பவில்லை. நான் வாயால் சொன்ன எதையும் இங்கே யாரும் காகிதம் இல்லாமல் ஒத்துக்கொண்டதில்லை. முதன்முறையாக என் சொல்லே ஆதாரமாகிவிட்டது. அந்த மிதப்பில் இருந்தேன். இரண்டு விடுதிகளிலும் இருந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கம்பெனி அனுப்பிய பட்டியலில் இருந்தது. பார்த்தேன். பூட்டியே இருக்கப்போகும் விடுதியில் செய்யாறு, திருவண்ணாமலை, விழுப்புரம். திறக்கப்போகும் விடுதியில் சங்கரன்கோவில், தென்காசி, தூத்துக்குடி. கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர் தெற்கே போய் ஒரே கூட்டமாக அழைத்து வந்தவர்கள். எல்லாம் தமிழ்நாடுதானே என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

ஒரு வெள்ளைக்காரன் அப்படி எழுதியிருந்தால் நான் அவனைக் கிழித்திருப்பேன்.

4

மாசியில் முதல் கணக்கெடுப்பு. சித்திரைக்குப் பிறகு ஒரு விடுதியின் கேட் திறந்தது. இரண்டாவது கணக்கெடுப்புக்கு நிலாவின் பள்ளி விடுமுறையோடு சேர்த்து ஊருக்கு வந்தேன். அது ஆடி மாதம்.

அண்ணன் வீட்டில் தங்கினோம். அண்ணன் குமரேசன் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேன் விடுகிறார். நான் வந்திருக்கிறேன் என்று கூடப் பார்க்காமல் வேனை எடுத்துக்கொண்டு தெற்கே போனார், வந்தார், மறுபடி போனார். தங்கச்சி இவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறாள், இரண்டு நாள் வீட்டில் இருக்க முடியாதா என்று அண்ணியிடம் குறைப்பட்டேன். நிலா மொட்டை மாடியில் போய் நின்று போனுக்குச் சிக்னல் தேடினாள். என்னிடம் பேசிய தமிழைவிட அண்ணன் வீட்டுப் பூனையிடம் அதிகம் பேசினாள்.

திறந்த விடுதிக்குப் போனேன். பாதி அறைகள் காலி. லைனில் ஆளில்லாமல் சூப்பர்வைசர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். விடுதியில் மிச்சமிருந்தவர்களில் ஒருத்தி மாரிச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். “எல்லாரும் ஊருக்குப் போயிட்டாவக்கா” என்றாள்.

ஏன் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. என் கேள்வித்தாளில் அந்தக் கேள்வி இல்லை. கேட்டைத் திறந்தார்கள், கிளம்பிவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ ஏன் போகவில்லை என்று மட்டும் கேட்டேன். தங்கையைச் சேர்க்காத ஊருக்குப் போகப் பிடிக்கவில்லை என்று அப்போதுதான் தங்கையைப் பற்றிச் சொன்னாள். தங்கை பேச்சியம்மாள் மறைமலை நகரில் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தவள். கூட வேலை செய்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு சாதி. வீட்டில் அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். மாரி அவளோடு பேசுகிறாள் என்று தெரிந்தால் இவளையும் தலைமுழுகிவிடுவார்கள். பூட்டு இருந்தவரை தங்கையைப் பார்க்க வழியே இல்லை. அப்பாதானே போன் செய்து சம்மதம் சொல்ல வேண்டும்? கேட் திறந்த பிறகு ஞாயிறுதோறும் சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் பஸ் மாறிப் போகிறாள். இரண்டு பேரும் கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, தங்கை பஸ் ஏற்றி விடுவாளாம்.

“அவ வீட்டு வாசல்ல செருப்ப விடும்போதுதாங்க்கா எனக்கும் ஒரு ஊரு இருக்குன்னு தோணும்” என்றாள்.

அழகான வரி என்று குறித்துக்கொண்டேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் அதைப் போட்டோம். பெயரை மாற்றித்தான் போட்டோம். நெறிமுறை.

5

கணக்குப் போட்டதில் திறந்த விடுதியில் வருகை பலமாக விழுந்திருந்தது. பூட்டிய விடுதியில் பெரிதாக மாற்றமில்லை. கழித்தோம். கேட்டைத் திறந்தால் பெண்கள் வேலைக்கு வருவது குறைகிறது என்று விடை வந்தது. ஹெங்க் வருத்தப்பட்டார், அவர் நல்ல மனிதர். ஆனால் விடை விடைதான் என்றார். நானும் தலையாட்டினேன். கம்பெனிக்காக இரண்டு பக்கத்தில் சுருக்கம் எழுதிக் கொடுத்தோம். ஐப்பசியில் கேட்டைப் பூட்டினார்கள். சரக்கு வாங்குபவர்கள் கேட்டால் காட்ட எங்கள் இரண்டு பக்கம் அவர்களிடம் இருந்தது.

மாரி வாட்ஸப்பில் குரல் அனுப்ப ஆரம்பித்தாள். கோபமே இல்லாத குரல். தங்கை உண்டாகியிருக்கிறாள் என்று மார்கழியில் சொன்னாள். வைகாசியில் வளைகாப்பு என்றாள். மாப்பிள்ளை வீட்டிலும் யாரும் வர மாட்டார்கள், நம் பக்கம் நான் ஒருத்தியாவது போய் வளையல் போடணும்லா என்றாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனியில் கேட்பார்களா என்றாள்.

நான் பதில் அனுப்பினேன். “ஆய்வு முடிவு அப்படி வந்திருக்கு மாரி. நான் என்ன செய்ய முடியும்?”

அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கக் கை வருகிறது. அழிக்கவில்லை.

அவள் தன் தங்கைக்கு வளையல் போட முடியாத அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், நிலா எந்தத் தெருவில் சைக்கிள் ஓட்டுகிறாள் என்று போனில் அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அவள் புள்ளியை அணைத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு டச்சில் பதில் சொன்னாள்.

6

ஆனியில் அண்ணன் கூப்பிட்டார். அம்மா திதிக்கு இந்த வருடம் வருகிறாயா என்று கேட்க. ஆடியில் வந்தால் நீங்கள் வீட்டில் இருப்பீர்களா, போன வருடம் மாதிரி வேனும் கையுமாக ஓடுவீர்களா என்று நான் குத்திக் காட்டினேன்.

“ஆடில எங்க வூட்ல இருக்கறதும்மா. தெக்கத்திப் பொண்ணுங்களுக்குக் கொட வருதில்ல, அல்லாம் சேந்துகினு வண்டி பேசுவாங்கோ” என்றார்.

எந்தக் கொடை என்றேன்.

“இன்னாம்மா, வெளிநாடு போய் அதையும் மறந்துட்டியா. அவங்க ஊரு அம்மன் கோயில் கொட. நம்மள மாதிரி ஒரு நாள் கூழு ஊத்திட்டு வந்துர்றதில்ல அது. ஊரு சாமி, வர்லன்னா சாமிக்குத்தம். வருசா வருசம் நாந்தான் இட்டுகினு போறேன்.”

எந்த விடுதிப் பெண்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

“நீ போய் குந்திகினு கேள்வி கேட்டியே, அதே ஹாஸ்டலுதான்” என்றார்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் சிரித்தார். “நீ எங்க கேட்ட? வந்த, சோத்தத் துன்ன, லேப்டாப்பத் தொறந்துகினு உக்காந்த. வேன்காரனாண்ட இன்னா கேக்கறதுன்னு நெனச்சிருப்ப.”

அப்படித்தான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஆடி என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவது. செய்யாற்றுப் பெண் காலையில் போய் இரவு ஷிப்டுக்குத் திரும்பிவிடலாம். கொடை என்பது பந்தக்கால், காப்பு, சாமியாட்டம், படைப்பு என்று நாள்கணக்கில் போவது. போக ஒரு நாள், வர ஒரு நாள். கம்பெனி அதற்கு லீவு தராது. இவர்கள் லீவு எழுதிக் கொடுக்காமல் கூட்டமாகப் போய்விடுவார்கள், சம்பளப் பிடித்தம் போனால் போகட்டும் என்று. என் ஆடிதான் எல்லாருக்கும் ஆடி என்று நான் நினைத்துக்கொண்டேன். மாசியில் ஒரு முறையும் ஆடியில் ஒரு முறையும் எண்ணிவிட்டு, இடையில் கேட்டைத் தவிர வேறெதுவும் மாறவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஆய்வுக்கு முந்தைய வருடத்து ஆடி வருகையைக் கேட்டுக் கம்பெனிக்கு எழுதினேன். அப்போது இரண்டு விடுதிகளும் பூட்டித்தான் இருந்தன. மனிதவள அதிகாரி இழுத்தடித்துக் கடைசியில் அனுப்பினார். தெற்கத்திப் பெண்களின் விடுதி வருகையில் அதே பள்ளம். பூட்டு இருந்தபோதும் அவர்கள் கொடைக்குப் போயிருக்கிறார்கள். அப்பாக்களே வார்டனுக்குப் போன் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

7

ஹெங்க்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இப்படி நடப்பது உண்டு, வெளிப்படையாகச் சொல்வதுதான் முக்கியம் என்றார். அறிக்கையின் வரம்புகள் என்ற பகுதியில் ஒரு வரி சேர்த்தோம். பருவகாலத் திருவிழாக்களின் தாக்கம் முழுமையாக விலக்கப்படவில்லை என்று. அண்ணன் ஓட்டிய வேன், பந்தக்கால், சாமிக்குத்தம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போயின. முழு அறிக்கையையும் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அது இதழாசிரியர், பல்கலைக்கழகம், பணம் கொடுத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு என்றார். இன்னும் எடுக்கவில்லை. எடுக்காமலே கேக் வந்துவிட்டது.

கம்பெனிக்கு நான் தனியாக எழுதினேன். எங்கள் முடிவு தவறு, தயவுசெய்து கேட்டைத் திறந்துவிடுங்கள் என்று. விடுதிச் சட்டங்கள் இப்போது எல்லா விடுதிகளிலும் ஒரே சீராக்கப்பட்டுவிட்டன, உங்கள் அக்கறைக்கு நன்றி என்று ஒரு வரி வந்தது.

இத்தனைக்கும் நடுவில் என்னை அரிப்பது வேறு. வருகை உண்மையிலேயே கேட்டால் குறைந்திருந்தாலும்தான் என்ன? இருபது வயதுப் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை பூட்டி வைப்பது சரியா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பூட்டினால் லாபமா நஷ்டமா என்று கேட்டோம். நஷ்டம் என்று விடை வந்தால் திறப்பார்கள் என்று நம்பினோம். அந்தக் கேள்வியைக் கையில் வாங்கியபோதே தப்பு நடந்துவிட்டது. கொடையைக் கவனித்துச் சரியாகக் கணக்குப் போட்டிருந்தாலும் நான் வார்டன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள்தான்.

8

ஆவணியில் பேச்சியம்மாளுக்குப் பிரசவம். அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கூட இருக்கப் பெண் துணை யாரும் இல்லை. மாரி வார்டனிடம் கெஞ்சியிருக்கிறாள். அப்பாவைப் போன் செய்யச் சொல் என்றிருக்கிறார்கள். மாரி பையை எடுத்துக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸில் ஏறினாள். கம்பெனி வாசலில் இறங்கி, உள்ளே போகாமல், மறைமலை நகருக்குப் போய்விட்டாள். வேலை போயிற்று.

கம்பெனி மாதாமாதம் வருகைத் தாளை இன்னும் எங்களுக்கு அனுப்புகிறது. ஒப்பந்தம் முடியவில்லை. போன வாரம் வந்த தாளில் மாரிச்செல்வியின் எண்ணுக்கு நேரே, விலகல், சொந்தக் காரணம் என்று இருந்தது. அந்த விடுதியில் அப்படி இன்னும் சிலர். வேலையை விட்டவர்களை வருகைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அது நாங்களே வைத்த விதி. வெளியே போயே தீர வேண்டியவர்கள் விலகிவிட்டார்கள், மிஞ்சியவர்கள் ஒழுங்காக வருகிறார்கள். அதனால் பூட்டிய பிறகு அந்த விடுதியின் வருகை ஏறியிருக்கிறது. தாளைப் பார்க்கிற எவருக்கும் பூட்டு நன்றாக வேலை செய்வதாகத்தான் தெரியும். விலகியவர்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று ஹெங்க்குக்கு எழுதினேன். மிகச் சரியான கருத்து, அடுத்த பதிப்பில் செய்வோம் என்று பதில் வந்தது.

இன்று காலை மாரி வீடியோவில் கூப்பிட்டாள். ஒற்றை அறை. பின்னால் கொடியில் குழந்தைத் துணிகள். பேச்சியம்மாள் படுத்திருந்தாள். மாரி குழந்தையைத் தூக்கி என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். பெண் குழந்தை. வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன். பக்கத்தில் நாலைந்து கம்பெனிகளில் கேட்டாளாம். எங்கே கேட்டாலும், விடுதியில் தங்குவதாக இருந்தால் மட்டும் வா என்கிறார்களாம்.

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“இப்ப எனக்கு கேட்டும் இல்ல, சம்பளமும் இல்லக்கா” என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்துவிட்டேன். என்னையறியாமல் வந்த சிரிப்பு இல்லை அது. நான் சிரித்தால் அவள் என்னை ஒன்றும் கேட்க மாட்டாள் என்று தெரிந்தே சிரித்தேன். அவளும் கேட்கவில்லை.